குழந்தைக்கு அரை மருந்தா?

பாம்பு கடித்த குழந்தைக்கு விஷமுறிவு மருந்து எவ்வளவு போடுவது என்கின்ற விஷயத்தில் நமது ஜனங்களுக்குள் ஒரு தப்பெண்ணம் இருந்து வருகின்றது. அதாவது, "சின்ன உடம்பு, ஆகையால் கொஞ்சம் மருந்து போதும், பெரியவனுக்குப் போடுகின்ற அவ்வளவையும் பச்சைப்பிள்ளைக்குப் போட்டால் தாங்குமா?" என்பதாகும். கேட்பதற்கு இது நியாயம் போலவும் இரக்கம் போலவும் தோன்றும். ஆனால், காரணம் கேளாமல் ஒப்புக்கொள்ளப்படுகின்ற எந்த நியாயத்திற்கும் வேப்பிலை அடிக்கின்றவனுடைய மந்திரத்தைவிட அதிக யோக்கியதை இருப்பதாக நாம் கருதுவதில்லை.

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை ஜில்லாக்களிலே இது வெறும் பேச்சு விஷயமல்ல. நெல் உள்ள இடத்தில் எலி உண்டு. எலி உள்ள இடத்தில் பாம்பு உண்டு. குறுவை அறுப்பிலும், சம்பா நாற்றங்காலிலும், வைக்கோல் போரடியிலும் வெறுங்காலோடு நடப்பவர்கள் யார்? கூலி வேலை செய்கின்ற ஆண், பெண்களும், அவர்களுக்குக் கஞ்சிக் கலயம் தூக்கிக்கொண்டு வரப்பிலே ஓடுகின்ற குழந்தைகளுமே யாவர். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டதாக 2020-ல் வெளிவந்த ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கின்றது. ஆனால் இதே சீமையில்தான் திருநாகேஸ்வரத்தில் ராகுவுக்குப் பாலைக் குடம் குடமாய்க் கொட்டி, அது நீலமாய் மாறுகின்றதென்று கண்ணில் ஒற்றிக்கொள்ளுகின்றார்கள். பாம்பு பால் குடித்து வாழும் பிராணியல்ல என்பதைக்கூட இத்தனை நூற்றாண்டு பூசையில் ஒருவரும் விசாரித்ததாய்க் காணோம்!

மந்திரவாதிக்குப் பேர் வந்த இரகசியமும் பெரிய சங்கதியல்ல. கடிக்கின்ற பாம்புகளில் பல விஷமில்லாதவை. விஷப்பாம்புங்கூடச் சில வேளைகளில் விஷத்தைச் செலுத்தாமலே கடித்துவிடும். இவர்கள் பிழைத்தால் மந்திரத்தால் பிழைத்தார்கள். விஷம் ஏறியவன் செத்தால் விதியால் செத்தான். இரண்டு பக்கமும் இலாபமுள்ள வியாபாரம் இதைத் தவிர வேறென்ன இருக்கின்றது?

நிற்க, மருந்தின் சங்கதிக்கு வருவோம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்தையும் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தினால், அதன் இரத்தத்தில் அவ்விஷத்தைப் பற்றிப் பிடித்து முறிக்கின்ற எதிர்ப்பொருள் உண்டாகின்றது. அதைப் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்ததே விஷமுறிவு மருந்து. அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து வருபவர்கள் யாரென்றால், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-ல் ஏற்பட்ட கூட்டுறவுச் சங்கத்து இருளர்களே. சாஸ்திரத்தில் எந்த மரியாதையும் பெறாத இந்த மக்களின் கைத்தொழிலால்தான், சாஸ்திரம் படித்தவன் பிள்ளையும் பிழைக்கின்றது.

இம்மருந்தில் 1 மில்லி, கண்ணாடி விரியன் விஷம் 0.6 மில்லிகிராமை முறிக்கக்கூடியது. ஒரு புட்டி 10 மில்லி. ஆகவே ஒரு புட்டிக்கு 6 மில்லிகிராம். கண்ணாடி விரியன் ஒரு கடியில் செலுத்தும் விஷம் சராசரி 63 மில்லிகிராம் என்று வைத்தியர்கள் கணக்கிட்டிருக்கின்றார்கள். அதனால்தான் விஷக்குறி கண்டவுடன் முதலில் 8 முதல் 10 புட்டி வரை ஏற்றுவதென்று வைத்துக்கொண்டிருக்கின்றார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ள தகப்பனையும், 10 கிலோ எடையுள்ள அவன் குழந்தையையும் கடிக்கப்போகின்ற விரியன், ஆளை நிறுத்துப் பார்த்தா விஷத்தை அளக்கின்றது? இருவர் உடம்பிலும் ஏறுவது அதே 60 மில்லிகிராம் விஷமாயிருக்கலாம். அப்படியானால் ஒரு கிலோ உடம்புக்குத் தகப்பனுக்கு 1 மில்லிகிராம். குழந்தைக்கோ 6 மில்லிகிராம்! எடையைப் பார்த்து இரக்கப்பட்டு இரண்டு புட்டியோடு நிறுத்தினால் 12 மில்லிகிராம் முறியும். பாக்கி 48 மில்லிகிராம் எங்கே போகும்? அந்தச் சின்ன உடம்பிலேதான் நின்று வேலை செய்யும். ஆகவே மருந்து குழந்தைக்காக அளக்கப்படுவதல்ல, விஷத்திற்காக அளக்கப்படுவதாகும். பெரியவருக்கு எவ்வளவோ அவ்வளவே குழந்தைக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டியும் சொல்லுகின்றது. தொண்டை அடைப்பான் நோய்க்குப் போடும் எதிர்விஷ மருந்தும் அப்படியே. நோய் பரவிய இடத்தையும், கடந்துபோன நாட்களையும் பார்த்து அளவு வைப்பார்களேயன்றி வயதைப் பார்த்தல்ல.

"குதிரை மருந்தாயிற்றே, குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால்?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தடிப்பு, மூச்சுத்திணறல், இரத்த அழுத்தம் இறங்குதல் முதலியவை பெரியவருக்கும் வரும், குழந்தைக்கும் வரும். அதற்குப் பரிகாரம் புட்டியைக் குறைப்பதல்ல. அட்ரினலின் மருந்தைக் கைவசம் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று கவனிப்பதேயாகும். அந்த அட்ரினலினை மாத்திரம் குழந்தையின் எடைக்குத் தக்கபடி அளக்க வேண்டும். விஷமுறிவு மருந்தைக் கலக்கின்ற உப்பு நீரையும் எடைக்குத் தக்கபடி குறைக்க வேண்டும். மருந்து குறையாது, தண்ணீர் குறையும், இவ்வளவுதான் வித்தியாசம்.

இதைக் கேட்டுவிட்டு, "எதிர்ப்பொருள் மருந்தென்றால் எல்லாம் ஒரே அளவு" என்று புதிதாய் ஒரு சூத்திரம் எழுதிக்கொள்ள வேண்டாம். வெறிநாய் கடித்த காயத்தைச் சுற்றிப் போடுகின்ற எதிர்ப்பொருள் மருந்துக்கு எடைக் கணக்கு உண்டு. மனித இரத்தத்திலிருந்து எடுத்ததானால் கிலோவுக்கு 20 யூனிட். குதிரையிலிருந்து எடுத்ததானால் 40 யூனிட். அதற்கு மேல் போகக்கூடாது. ஏனெனில், கூடவே போடுகின்ற தடுப்பூசியால் உடம்பு தானே எதிர்ப்பொருளை உண்டாக்க வேண்டியிருக்கின்றது. கடன் வாங்கிய எதிர்ப்பொருள் மிதமிஞ்சினால் அந்தச் சொந்த வேலை கெடும். சின்னக் குழந்தைக்கு முகத்திலும் கையிலுமாகப் பல காயங்கள் இருந்து, கணக்குப்படி வந்த மருந்து எட்டாவிட்டால், அளவைக் கூட்டாமல் உப்பு நீரில் கலந்து பெருக்கி எல்லாக் காயத்திற்கும் போடுவார்கள். தடுப்பூசியோ குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தை வைத்தியரிடம் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

ஆதலால் தாய் தகப்பன்மார் கட்டுப்போட்டு இறுக்குவதிலும், கீறி உறிஞ்சுவதிலும், இராகு காலம் கழியட்டும் என்று காத்திருப்பதிலும் நேரத்தைப் போக்காமல், கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லவேண்டும். தரையில் படுத்த பிள்ளை விடியற்காலையில் வயிறு வலிக்கின்றதென்று அழுது, கண்ணிமையும் தொங்கினால், கடிவாய் தெரியாவிட்டாலும் கட்டுவிரியனைச் சந்தேகித்துச் சொல்லவேண்டும். விரியன் கடியென்றால், சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து 20 நிமிஷம் ஆட்டாமல் வைத்து, உறைகின்றதா என்று பார்ப்பார்கள். மருந்து ஏற்றி 6 மணி நேரத்திற்குப் பிறகும் உறையவில்லையானால் மறுபடியும் மருந்து வேண்டும். இதிலும் குழந்தைக்குத் தனிச் சலுகையில்லை.

தமிழ்நாட்டுச் சர்க்கார் 2024-ல் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய வியாதிகளில் சேர்த்தது சரியான காரியமே. ஆனால் கணக்கு எழுதினால் மாத்திரம் விஷம் முறியாது. இரண்டு மூன்று புட்டிகளை வைத்துக்கொண்டு "மருந்து இருப்பு உண்டு" என்று எழுதுகின்ற ஆரம்ப சுகாதார நிலையம் எங்கேனும் இருக்குமானால், அங்கே ஒரு குழந்தைக்குக்கூட முதல் மருந்து இல்லையென்றே அர்த்தம். குறுவை அறுப்புக்கு முன் கூடுகின்ற கிராம சபையில் தோழர்கள் எழுந்து, நமது நிலையத்தில் 10 புட்டியும், அட்ரினலினும், கண்ணாடிக் குழாயும், இராத்திரியில் அவற்றை எடுத்துப் போட ஓர் ஆளும் இருக்கின்றார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கவேண்டும்.