'குறைந்தது' எப்படிக் 'குறைத்தது' ஆயிற்று?

(நீண்ட பதிவு. உணவு, குடல், புற்றுநோய் பற்றியது. மொழியியல் வழியாக வருகிறேன்.)

"விலை குறைந்தது" என்னும்போது யார் காரணம் என்று வாக்கியம் சொல்வதில்லை. "விலையைக் குறைத்தது" என்றால் செய்த கை ஒன்று உண்டு. இடையில் மாறியது ஓர் எழுத்துத்தான். மெல்லினம் போய் வல்லினம் வந்திருக்கிறது. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன இந்த வேறுபாடு, உணவையும் புற்றுநோயையும் பற்றி இந்நாட்டில் எழுதப்படும் செய்திகளில் உயிர்ப்பிரச்சினையாகியிருக்கிறது.

ஆய்விதழ் எழுதுகிறது: நார்ச்சத்து மிகுதியாக உண்டோரிடையே பெருங்குடல் புற்றுநோய் குறைந்திருந்தது. நிறுவனத்தின் செய்திக்குறிப்பு எழுதுகிறது: நார்ச்சத்து புற்றுநோய் அபாயத்தைக் குறைக்கிறது. நாளேடு 'தடுக்கும்' என்கிறது. வாட்ஸ்அப் 'குணமாக்கும்' என்கிறது. பழி எப்போதும் கடைசியில் நிற்பவர் மீதே விழுகிறது. கல்வியறிவற்ற மக்கள், மூடநம்பிக்கை, வாட்ஸ்அப் பல்கலைக்கழகம் என்று கருத்தரங்கத் தேநீர் இடைவேளைகளில் நாம் சிரித்துக்கொள்கிறோம். என் வழக்கு கடைசிப் படியில் நிற்பவர் மீதன்று. முதல் இரண்டு படிகளில் நிற்பவர் மீது. அவர்கள் முனைவர் பட்டம் பெற்றவர்கள்.

ஆங்கிலத் தொடரில் ஒரு பொறி இருப்பது உண்மைதான். 'ரெட்யூஸ்ட் ரிஸ்க்' என்பதில் முதற்சொல் எச்சமாக, ஏறக்குறைய பெயரடையாக நிற்கிறது. குறைந்த அபாயம் என்பதே பொருள். மொழிபெயர்ப்பவர் அதைச் செயப்படுபொருள் குன்றா வினையாக எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் உணவுப்பொருளை எழுவாயாக ஏற்றிவிடுகிறார். இந்தியிலும் இதே விபத்துதான். அங்கே 'கட்னா' என்பது 'கட்டானா' ஆக ஓர் ஆகாரம் போதும். ஆனால் தமிழும் இந்தியும் இந்த வேறுபாட்டை உருவத்திலேயே காட்டும் மொழிகள். ஆங்கிலம் மறைப்பதை நம் மொழிகள் வெளிப்படையாகக் கேட்கின்றன. கேள்வி கேட்கப்பட்ட பிறகும் தவறான விடையை எழுதுவதற்கு மொழியைக் குறை சொல்ல முடியாது.

இந்த எழுத்து மாற்றத்தின் விலை என்னவென்று ஃபின்லாந்து காட்டியது. காய்கறி, பழம் மிகுதியாக உண்பவர்களிடம், இரத்தத்தில் பீட்டா கரோட்டின் கூடுதலாக இருப்பவர்களிடம், நுரையீரல் புற்றுநோய் குறைந்திருந்ததைப் பல ஆய்வுகள் கண்டிருந்தன. 1981-இல் ரிச்சர்ட் பெட்டோவும் உடன் ஆய்வாளர்களும் 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதியபோது தலைப்பையே வினாவாக வைத்தார்கள். (அந்த வினாக்குறியின் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.) வினாவுக்கு விடை காண, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஃபின்லாந்தில் சோதனை நடந்தது, ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் தரப்பட்டது. 1994-இல் முடிவு வெளிவந்தது. மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் கொடுத்த அமெரிக்கச் சோதனை 1996 தொடக்கத்தில் பாதியில் நிறுத்தப்பட்டது. அங்கே 28 சதவீதம் கூடுதல். கேரட் உண்பவரிடம் குறைந்திருந்தது. கேரட்டில் உள்ள மூலக்கூறு மாத்திரையாகக் குறைக்கவில்லை, கூட்டியது. உணவு வேறு, உணவை உண்ணும் மனிதரின் வாழ்க்கை வேறு, உணவிலிருந்து பிரித்த சேர்மம் வேறு. மூன்றையும் ஒரே எழுவாயாக்கும் வாக்கியம் பொய் வாக்கியம்.

தாவர உணவால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. குடலைப் பொறுத்தவரை உண்மைக் கதை விளம்பரக் கதையைவிட அழகானது. நம் நொதிகளால் செரிக்க முடியாத நார்ச்சத்தையும் எதிர்ப்பு மாச்சத்தையும் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நொதிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் ஆகிய குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பியூட்டிரேட்தான் பெருங்குடல் உட்சுவர்ச் செல்களின் முதன்மை எரிபொருள். 2015-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. பெருங்குடல் புற்றுநோய் மிகுதியாக உள்ள ஆப்பிரிக்க அமெரிக்கர் 20 பேரும், அந்நோய் மிக அரிதாக உள்ள தென்னாப்பிரிக்கக் கிராமத்தார் 20 பேரும் இரண்டு வாரம் உணவை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்களுக்கு நாளொன்றுக்கு 14 கிராமாக இருந்த நார்ச்சத்து 55 கிராமாயிற்று. ஆப்பிரிக்கர்களுக்கு 66 கிராம் 12 ஆயிற்று. இரண்டே வாரத்தில் அமெரிக்கர்களின் குடலில் பியூட்டிரேட் இரண்டரை மடங்கானது, உட்சுவரின் அழற்சிக் குறிகள் தணிந்தன. மறுபக்கம் நேர்மாறாக நடந்தது. ஆனால் மாறியது நார்ச்சத்து மட்டுமன்று. கொழுப்பும் இறைச்சியும் சேர்ந்தே மாறின. அளக்கப்பட்டது புற்றுநோயுமன்று, அதற்கு முன்னோடியாகக் கருதப்படும் குறிகள். இவ்வளவையும் சொல்லிவிட்டு வியக்கலாம், வியப்பு குறைவதில்லை.

இதே துறையின் மற்றப் பக்கங்களையும் படிக்க வேண்டும். குடல் கட்டி அகற்றப்பட்ட 2,079 பேரிடம் கொழுப்பு குறைந்த, நார்ச்சத்து மிகுந்த உணவு கட்டிகள் மீண்டும் வருவதைக் குறைக்குமா என்று நான்கு ஆண்டுகள் பார்த்த சோதனை 2000-இல் வெளியானது. இரு குழுவிலும் ஏறத்தாழ நாற்பது சதவீதத்தினருக்குக் கட்டி திரும்ப வந்தது; வேறுபாடே இல்லை. பரம்பரையாகக் குடற்புற்று வரும் லிஞ்ச் குறைபாடு உடையவர்களுக்கு எதிர்ப்பு மாச்சத்து கொடுத்த சோதனையில் பெருங்குடல் புற்று குறையவில்லை. ஆண்டுகள் பல கழிந்து 2022-இல் வெளிவந்த தொடர் கண்காணிப்பில், அவர்களுக்கு உடலின் வேறு பகுதிகளில் வரும் புற்றுகள் குறைந்திருந்தன. யாரும் எதிர்பாராதது. மறுபுறம், பல்லாயிரம் பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த 25 ஆய்வுகளைத் தொகுத்த 2011-ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு, நாளுக்கு 10 கிராம் நார்ச்சத்து கூடும்போது பெருங்குடல் புற்றின் அபாயம் சுமார் 10 சதவீதம் குறைந்திருப்பதைக் கண்டது. இந்தியாவில் அந்நோய் ஆண்டுக்கு இலட்சம் பேரில் ஏறத்தாழ ஐவருக்கு வருகிறது. ஐந்தில் பத்து சதவீதம் அரை. இலட்சத்தில் அரை மனிதர் என்று எந்தச் செய்திக்குறிப்பும் எழுதியதில்லை. 'பத்து சதவீதம்' என்றே எழுதும்.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். மாதுளையில் உள்ள எல்லாகிடானின்களை யூரோலித்தின்களாக மாற்றுவது குடல் நுண்ணுயிர்கள். சோயாவின் டையட்சீனை ஈக்குவாலாக மாற்றுவதும் அவையே. அந்த நுண்ணுயிர்கள் எல்லோர் குடலிலும் இல்லை. அப்படியானால் "மாதுளை தடுக்கும்" என்ற வாக்கியத்தின் எழுவாய் யார்? மாதுளையா, உண்டவரா, அவர் குடலில் இருக்கலாம் அல்லது இல்லாமலும் போகலாம் என்ற ஒரு நுண்ணுயிரா?

இனி மஞ்சள். பெங்களூர் புனித ஜான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட கட்டுரை உலகமெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது: பிப்பெரினைச் சேர்த்தால் குர்குமின் இரத்தத்தில் சேர்வது 2000 சதவீதம் கூடுகிறது. "மிளகு சேர்த்த மஞ்சள் பால்" விளம்பரங்களின் மூலம் இதுவே. அதே கட்டுரையின் முதற்பாதியை யாரும் பகிர்வதில்லை: இரண்டு கிராம் தூய குர்குமினைத் தனியாக விழுங்கியவர்களின் இரத்தத்தில் அது ஏறத்தாழக் கண்டறியவே முடியாத அளவில் இருந்தது. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் மூன்று சதவீதம். மூன்று கிராம் மஞ்சள் போட்ட குழம்பை முழுதும் ஒருவரே குடித்தாலும், அந்த இரண்டு கிராமில் இருபதில் ஒரு பங்கு கிடைக்காது. இரத்தத்தில் சேராவிட்டால் குடலிலேனும் தங்கி வேலை செய்யுமே என்பது நியாயமான கருதுகோள். பரம்பரைக் குடற்கட்டி நோயாளிகளிடம் நாளுக்கு மூன்று கிராம் கொடுத்து ஓராண்டு பார்த்தார்கள். 2018-இல் வெளியான முடிவின்படி கட்டிகளின் எண்ணிக்கையிலும் அளவிலும் வேறுபாடில்லை. குடல் அழற்சி நோயில் சில சிறு சோதனைகள் நம்பிக்கை தருகின்றன. அதை மறைக்க வேண்டியதில்லை. 2022-இல் அமெரிக்காவிலிருந்து மஞ்சள் மாத்திரையோடு தொடர்புடைய பத்துக் கல்லீரல் பாதிப்புகள் பதிவாயின; அதையும் மறைக்க வேண்டியதில்லை.

இப்போது நம் ஆய்வகங்களுக்கு வருகிறேன். ஏதோ ஓர் இலையை மெத்தனாலில் ஊறவைத்து, சாற்றை ஹீலா அல்லது எம்.சி.எஃப்-7 செல்கள் மீது ஊற்றி, எம்.டி.டி. சோதனையில் ஊதா நிறம் எவ்வளவு குறைந்தது என்று அளந்து, 'புற்றுநோய் எதிர்ப்புச் செயல்பாடு' என்று தலைப்பிடும் ஆய்வேடுகள் இந்நாட்டில் எத்தனை! கிண்ணத்தில் உள்ள செல்லை உப்பும் கொல்லும், சாராயமும் கொல்லும். தாவரப் பாலிஃபீனால்கள் சில செல்லின் உதவியின்றியே எம்.டி.டி.யை ஒடுக்கி நிறத்தை மாற்றிவிடும் என்பது அத்துறையினருக்குத் தெரிந்த செய்தி. ஆனால் 'புற்றுநோய் எதிர்ப்பு' என்ற தொகைச்சொல்லில் கிண்ணம் மறைந்துவிடுகிறது. செறிவும் நேரமும் மறைந்துவிடுகின்றன. தொகையில் மறைந்ததை விரித்துச் சொல்வதுதான் உரையாசிரியன் வேலை என்பது நம் மரபு. நான் பயிலும் வளாகத்தில் ஒரு கருத்தரங்கில், இந்த ஒரு சொல்லை 'செல் நச்சுத்தன்மை' என்று மாற்றலாமே என்று கேட்டேன். "அப்புறம் யார் படிப்பார்கள்?" என்று பதில் வந்தது. அவையும் சிரித்தது.

தாவரம் என்றால் தீங்கற்றது என்ற உணர்வும் இந்தச் சொல்லாட்சியின் விளைவே. பாக்கு தாவரம். புகையிலை சேராத பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் முதல் வகையில் சேர்த்தது. உலகிலேயே மிகுதியாகப் பாக்கு விளைவித்து மெல்லும் நாடு இது. ஈஸ்வரமூலியும் ஆடுதின்னாப்பாளையும் சார்ந்த பேரினத்தில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலமும் அதே முதல் வகைதான். வெற்றிலைத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு பீட்ரூட் சாற்றின் மகிமை பேசும் தொலைக்காட்சி மருத்துவர்களை என்ன சொல்வது!

இரண்டு மறுப்புகள் வரும். வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணியிலிருந்துதானே வந்தது என்பது ஒன்று. ஆம், டன் கணக்கான இலையிலிருந்து சில கிராம் பிரித்து, நச்சளவை வகுத்து, நரம்பு வழியே ஏற்றப்படுவது. அந்த இலையைத் துவையல் அரைக்கச் சொன்ன விஞ்ஞானி எவரும் இல்லை. இன்னொன்று, நான் மரபறிவைப் பழிக்கிறேன் என்பது. மஞ்சளின் காயம் ஆற்றும் பயனுக்கு அமெரிக்கா வழங்கிய காப்புரிமையை நம் அறிவியல், தொழிலக ஆய்வுக் கழகம் எதிர்த்து 1997-இல் ரத்து செய்ய வைத்தது. எழுதப்பட்ட சான்றுகளைக் கொண்டுபோய் வென்ற வழக்கு அது. சான்று கேட்பதை அந்நிய வழக்கம் என்பவர்கள் அந்த வெற்றியையும் துறக்க வேண்டும்.

2024 நவம்பரில் முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து, தம் மனைவியின் முற்றிய புற்றுநோய் வேம்பு, மஞ்சள், எலுமிச்சை சேர்ந்த உணவுமுறையால் நாற்பது நாளில் தீர்ந்ததாகக் கூறினார். அறுவையும் கீமோவும் கதிர்வீச்சும் நடந்திருந்தன. தலைப்புச் செய்தியில் அவை இல்லை. டாட்டா நினைவு மருத்துவமனையின் 262 புற்றுநோய் மருத்துவர்கள், இதற்குச் சான்றில்லை, சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று கையெழுத்திட்டு வேண்ட வேண்டியிருந்தது. தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வு இருக்கிறது: மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய நோயாளிகள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு; பெருங்குடல் புற்றில் நான்கரை மடங்குக்கும் மேல். இதுவும் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுதான். ஆகவே 'கூடியிருந்தது' என்றே எழுதுகிறேன்.

"எளிய மக்களுக்கு எளிமையாகச் சொல்ல வேண்டாமா" என்போர் தமிழின் வினைமுற்றுகளைச் சற்றே பார்க்கலாம். 'தடுக்கும்' என்ற செய்யும் வாய்பாட்டு முற்று, 'சூரியன் கிழக்கே உதிக்கும்' என்னும் நிலைத்த உண்மைக்குரிய வடிவம். ஐயத்துக்கு 'குறையக்கூடும்' இருக்கிறது. கண்டதை மட்டும் சொல்ல 'குறைந்திருந்தது' இருக்கிறது. கேள்விப்பட்டதற்கு 'ஆம்' இருக்கிறது. "மஞ்சள் தின்னா புத்துநோய் வராதாம்" என்று சொல்லும் பாட்டி, அந்த ஓர் அசையில் தன் சான்றின் தரத்தை நேர்மையாக அறிவித்துவிடுகிறாள். அந்த 'ஆம்' வெட்டப்படுவது செய்திக்குறிப்பு எழுதும் மேசையில்.

இந்தப் பருவத்தில் ஆய்வேடு ஒப்படைக்கவிருக்கும் உயிரியல், வேதியியல் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பொழிப்புரையில் 'புற்றுநோய் எதிர்ப்பு' என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் எந்தச் செல், என்ன செறிவு, எத்தனை மணி நேரம் என்று விரித்து எழுதி நெறியாளரிடம் காட்டுங்கள். அவர் அடித்துவிட்டால், என்ன காரணம் சொன்னார் என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். பெயர்கள் வேண்டாம், காரணம் மட்டும் போதும்.