கடைமடைக்கு வராத பயிற்சி

வட்டார வள மையத்தின் மாடிக் கூடம். வரிசையாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் எண்பது, தொண்ணூறு ஆசிரியர்கள். வருகைப் பதிவேடு கைமாறிக்கொண்டே போகிறது. கருத்தாளர் திரையில் தெரிவதைப் பார்த்து வாசிக்கிறார்: பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து விரிவுரை ஆற்றக் கூடாது, குழுவாகப் பிரித்துப் பேசவிட வேண்டும். வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். பதினொன்றரைக்கு டீ வருகிறது. மாலையில் சார்ட் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் ஏதோ ஒரு படம், அதைப் பிடித்தபடி குழுவாக ஒரு போட்டோ, அது வாட்ஸ்அப்பில் ஏறியதும் ஆங்கிலம் கற்பிக்கும் முறைகள் பற்றிய பணியிடைப் பயிற்சி முடிந்துவிடுகிறது.

கிண்டலுக்காகச் சொல்லவில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர் யாரைக் கேட்டாலும் இதில் பாதியையாவது ஒப்புக்கொள்வார். நல்ல கருத்தாளர்கள் இருக்கிறார்கள், நன்றாக நடந்த பயிற்சிகளும் உண்டு. ஆனாலும், கூட்டம் கூட்டிச் சொல்லிக்கொடுக்கும் இந்த ஏற்பாட்டை நிறுத்திவிடலாம் என்பதே நம் கருத்து. அதற்குச் செலவாகும் பணமும் நாள்களும் ஆட்களும் அப்படியே வகுப்பறைக்குப் போகட்டும். பயிற்றுநர் பள்ளிக்கு வந்து ஒரு பாடம் நடத்திக் காட்டட்டும். அடுத்த பாடத்தை ஆசிரியர் நடத்த, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கட்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வரட்டும்.

ஒரு விஷயத்தில் தெளிவு வேண்டும். நம் கிராமப்புறப் பிள்ளைக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி அன்று, அயல்மொழி. சென்னையில் பெற்றோர் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு அது காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. கல்வராயன் மலையிலோ திருவாடானைப் பக்கத்திலோ இருக்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் என்பது அந்த ஒரு பாடவேளைதான். மணி அடித்ததும் மொழியும் போய்விடும். பாடநூலோ இரண்டு பேருக்கும் ஒன்று. இந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர் ஆசிரியர் ஒருவர்தான் என்பதால்தான் அவருக்குக் கிடைக்கும் பயிற்சியைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது. 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. பெற்றோர் விரும்பினார்கள், அரசு கொடுத்தது, அதில் தவறில்லை. ஆனால் பெரும்பாலும் தமிழ்வழியில் நடத்திக்கொண்டிருந்த அதே ஆசிரியர்தான் மறுநாள் ஆங்கிலவழியிலும் கணக்கு நடத்தினார். பலகை மாறிய வேகத்தில் பயிற்சி மாறவில்லை.

மேலிருந்து கீழே அடுக்கடுக்காகப் பயிற்சி கொடுப்பது நமக்குப் பழைய பழக்கம். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அன்றைய மதராஸ் மாநிலத்தில், தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பித்த 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்கும் இயக்கம் ஒன்று நடந்தது. முதலில் சிலர் கற்பார்கள், அவர்கள் பலருக்குச் சொல்லித்தருவார்கள், பலர் இன்னும் பலருக்கு. வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாகச் சொல்லிப் பழக்கும் முறைதான் அன்று பரப்பப்பட்டது. 1962-இல் ஆங்கிலம் கற்பித்தல் தொடர்பான ஆய்விதழ் ஒன்றில் வெளியான கட்டுரை, அந்த இயக்கத்துக்கு ‘மதராஸ் பனிப்பந்து’ என்று தலைப்பிலேயே பெயர் சூட்டியது. பனியே விழாத ஊருக்கு வந்த உவமையைப் பாருங்கள்! உருள உருளப் பெருக்கும் என்பது பனிப்பந்தின் கணக்கு. நம் ஊர்க் கணக்கு வேறு என்பது டெல்டா விவசாயிக்குத் தெரியும். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணை தாண்டி, ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால் என்று பிரிந்து கடைமடைக்கு வரும்போது எவ்வளவு வரும், வருமா என்பதே கேள்வி.

அறுபது ஆண்டுகளாகியும் வாய்க்கால் மாறவில்லை. 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தமிழ், கணக்கோடு ஆங்கிலத்தையும் சேர்த்துக்கொண்டது நல்ல முடிவு. ஆசிரியர் கையேடும் பாட்டும் பொம்மையும் தொடக்க வகுப்புகளுக்கு வந்தன. ஆனால் பயிற்சி மட்டும் மாநிலக் கருத்தாளர், மாவட்டக் கருத்தாளர், வட்டாரக் கருத்தாளர் என்று அதே படிகளில்தான் இறங்கியது. மேல்படியில் செய்துகாட்டப்பட்டது நடுப்படியில் விளக்கமாகிறது, கீழ்ப்படியில் தகவலாகிவிடுகிறது. பந்தைத் தூக்கிப் போட்டுப் பெயர் கேட்கும் விளையாட்டைப் பயிற்சியில் ஆடிப் பார்த்தவர் வகுப்பிலும் ஆடுவார். ‘பந்து விளையாட்டு ஒன்று ஆட வேண்டும்’ என்று குறிப்பெடுத்துக்கொண்டு வந்தவர் ஆடமாட்டார். இதற்குக் காரணம் சோம்பல் அன்று. பார்க்காத ஒன்றை நாற்பது பிள்ளைகள் முன்னால் செய்ய யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.

இதே மண்ணில் இன்னொரு முயற்சியும் நடந்திருக்கிறது. 1979 முதல் 1984 வரை மொழி கற்பித்தல் ஆய்வாளர் என்.எஸ்.பிரபு, பெங்களூரு, சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் சாதாரணப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். இலக்கணத்தை வரிசைப்படுத்திச் சொல்லித்தருவதை அறவே விட்டுவிட்டார். ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போனால் சீக்கிரம் சேரலாம் என்று கண்டுபிடிப்பது, வரைபடத்தில் வழி தேடுவது போன்ற வேலைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். முதலில் அதுபோன்ற ஒன்றை ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து செய்வார், பிறகு பிள்ளைகள் தனியே செய்வார்கள். விடை தேடுவதில் மனம் முழுகியிருக்கும்போது மொழி தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் நம்பிக்கை. பணிவழிக் கற்பித்தல் என்று இன்று உலகெங்கும் நடக்கும் முறைக்கு ஊற்றுக்கண்களில் ஒன்று இந்த ‘பெங்களூர்த் திட்டம்’. வெளிநாட்டு ஆசிரியர் பயிற்சிப் பாடங்களில் இன்றும் அது இருக்கிறது. கடலூரிலேயே பணியாற்றும் ஆங்கில ஆசிரியர்களில் எத்தனை பேருக்கு அதைச் சொல்லியிருக்கிறோம்?

அந்தத் திட்டத்தின் தோல்வியும் பாடம்தான். அதைப் பின்னாளில் ஆராய்ந்த ஆலன் பெரெட்டா, திட்டத்தோடு ஒட்டியே இருந்த பயிற்றுநர்கள் வகுப்பெடுத்தபோது முறை நன்றாக வேலை செய்ததையும், வழக்கமான பள்ளி ஆசிரியர்கள் பெரும்பாலும் அதை முழுதாகக் கைக்கொள்ள முடியாமல் மேலோட்டமாகவே நின்றுவிட்டதையும் சுட்டிக்காட்டினார். பிரபுவும் 1990-இல் எழுதிய கட்டுரையில், சிறந்த முறை என்று ஒன்று கிடையாது என்றார். இன்ன காரணத்தால் இது பிள்ளைக்குப் பிடிபடும் என்று ஆசிரியருக்கே உள்ளுக்குள் தோன்ற வேண்டும்; அந்த உணர்வு உயிரோடு இருக்கும் வகுப்பில்தான் எந்த முறையும் பலிக்கும் என்பது அவர் வாதம். மண்டபத்தில் உட்கார்ந்து முறைகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதால் அது தோன்றாது. தன் வகுப்பில் செய்து பார்த்து, ஏன் சரியாக வந்தது, ஏன் வரவில்லை என்று கூட இருந்து பார்த்த ஒருவரோடு பேசும்போதுதான் தோன்றும். ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த ஜாய்ஸும் ஷவர்ஸும் 1980-களிலேயே சொன்னது இதுதான்: விளக்கிச் சொல்வதும் செய்துகாட்டுவதும் மட்டும் போதாது, பயிற்சிக்குப் பிறகு வகுப்பறையில் துணைநின்று திருத்துபவர் வேண்டும். வண்டி ஓட்டப் பழகியவர் எவருக்கும் இது தெரிந்த சேதிதான்.

வகுப்பறையில் கூட நிற்பவர் எதைச் சொல்லித்தர வேண்டும்? ஓர் எடுத்துக்காட்டு போதும். தமிழ் எழுத்தைப் படிக்கப் பழகிய பிள்ளைக்கு எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்று. ‘க’வின் பெயரும் க, ஒலியும் க. அந்தப் பிள்ளையிடம் ‘எச்’ என்ற எழுத்தைக் காட்டுகிறோம். அதன் பெயரில் ஹ என்ற ஒலியே இல்லை. ‘டபிள்யூ’வைப் பற்றிப் பேசவே வேண்டாம். இருபத்தாறு பெயர்களையும் பாட்டாகப் பாடத் தெரிந்த பிள்ளை மூன்றெழுத்துச் சொல்லைக் கூட்டிப் படிக்கத் திணறுவது இதனால்தான். எழுத்தின் பெயரை விட்டு ஒலியிலிருந்து தொடங்கும் முறையில் எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்ற ஆறு எழுத்துகளை முதலில் எடுத்துக்கொள்வது வழக்கம். அந்த ஆறை வைத்தே ‘பின்’, ‘டின்’, ‘டிப்’ என்று ஒரு கை நிறையச் சொற்களைப் படித்துவிடலாம்.

இன்னொன்று. நம் பிள்ளைகளுக்கு ‘பென்’ (பேனா), ‘பெட்’ (படுக்கை) ஆகியவற்றின் முதல் ஒலிகள் குழம்பும், தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. ஆனால் ‘பாம்பு’ என்று சொல்லிப் பாருங்கள். முதல் ப-வில் ஓர் ஒலி, இரண்டாவது பு-வில் இன்னோர் ஒலி. ஆங்கிலத்தின் அந்த இரண்டு ஒலிகளும் பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. சொல்லின் தொடக்கத்தில் இரண்டாவதை வைக்கப் பழக்க வேண்டும், அவ்வளவுதான். தமிழை நன்றாகக் கவனித்த ஆசிரியருக்கு இது வரம். வகுப்பில் ஒரு சொல்கூடத் தமிழ் பேசக் கூடாது என்று சில அதிகாரிகள் வாய்மொழியாக உத்தரவிடுவதைக் கேட்கும்போது, கையில் இருக்கும் சாவியைக் கிணற்றில் போடச் சொல்வதாகத்தான் தோன்றுகிறது.

ஆசிரியரின் சொந்த ஆங்கிலம் பற்றியும் மழுப்பாமல் பேச வேண்டும். ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் 150 வினாக்கள், அவற்றில் ஆங்கிலத்துக்கு 30. எல்லாம் விடையைத் தேர்ந்தெடுத்து வட்டத்தைக் கறுப்பாக்கும் வினாக்கள். ஒரு வாக்கியம்கூட வாய்விட்டுப் பேசாமல் ஒருவர் ஆங்கிலமும் கற்பிக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஆகிவிடலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையோ ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ‘மொழிகளுக்கு’ என்று ஓர் ஆசிரியரைக் கேட்பதோடு நின்றுவிடுகிறது. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, பேசிப் பழக வாய்ப்பே இல்லாமல் பணிக்கு வந்தவரைக் குறை சொல்வது அநியாயம். சமூக ஊடகத்தில் ஓர் ஆசிரியையின் பிழையைக் காணொளியாக்கிச் சிரிப்பது அதைவிடக் கேவலம். அவருக்குத் தேவை, அச்சமில்லாமல் தப்பும் தவறுமாகப் பேசிப் பழக ஓர் இடம். குறுவள மையத்தில் பத்து, பன்னிரண்டு பேராக, வாரம் ஒரு மணி நேரம், பணி நேரத்திலேயே கூடினால் போதும்.

தென் மாநிலங்களுக்கென்று 1963-இல் தொடங்கிய மண்டல ஆங்கில நிறுவனம் பெங்களூருவில் இருக்கிறது. தங்கிப் படிக்கும் பயிற்சிகள் அங்கே உண்டு. ஆனால் ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவர் பெங்களூரு போனால் ஐந்து வகுப்புகளையும் மற்றவர் தனியாகப் பார்க்க வேண்டும். தலைமையாசிரியர் எப்படி அனுப்புவார்? பதிலி ஆசிரியர் ஏற்பாடு இல்லாத எந்தப் பயிற்சித் திட்டமும் சிறிய பள்ளிகளைத் தாண்டித்தான் போகும்.

இவ்வளவுக்கும் ஆள் எங்கே என்று கேட்பார்கள். அரசுப் பள்ளிகள் 37 ஆயிரத்துக்கும் மேல், எல்லாவற்றுக்கும் யார் போவது என்பது நியாயமான கேள்விதான். பாதி விடை கைவசம் இருக்கிறது. ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஆசிரியர் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்குப் போய் ஆசிரியருக்குத் துணைநிற்பது அவர்கள் பணியின் மையம் என்றுதான் அந்தப் பதவி உருவானது. இன்றோ எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் பதிவு, புள்ளிவிவரம், திட்டக் கூட்டம், விழா ஏற்பாடு என்று அவர்கள் காலம் கரைகிறது. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களின் விரிவுரையாளர்கள் நிலையும் ஏறக்குறைய இதுவே. தரவுப் பதிவுக்குத் தனி ஆளைப் போட்டு இவர்களை விடுவித்தாலே ஒன்றியத்துக்குச் சிலர் கிடைப்பார்கள். எல்லாப் பள்ளிக்கும் ஒரே ஆண்டில் போக வேண்டியதில்லை. முதலாண்டில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளோடு ஆறாம் வகுப்பை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நன்றாக நடத்தும் ஆசிரியரின் வகுப்பைப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒரு வேலைநாளில் வந்து பார்க்க, பணியாகக் கருதி அனுமதி தரலாம். இதற்கு அரசாணைகூடத் தேவைப்படாது, ஒரு செயல்முறைக் கடிதம் போதும்.

திறன்பலகையும் செயலியும் செயற்கை நுண்ணறிவும் வந்தபிறகு இவையெல்லாம் எதற்கு என்ற குரலும் கேட்கிறது. உச்சரிப்பைக் கேட்க அவை உதவும், வரவேற்போம். வாய்வரை வந்த சொல்லை வெட்கப்பட்டு விழுங்கிவிடும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பேசவைப்பவர் எதிரே நிற்கும் ஆசிரியர்தான்.

தேர்வையும் தொட்டாக வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு 100 மதிப்பெண், முழுதும் எழுத்துத் தேர்வு. பேச்சுக்கு மதிப்பெண் இல்லாதவரை எந்தப் பயிற்சியும் அரையாண்டு நெருங்கும்போது கைடுக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கேட்டல், பேசுதலுக்குச் சிறு பங்காவது ஒதுக்க வேண்டும். முறைகேடு நடக்கும் என்ற அச்சம் செய்முறைத் தேர்வுக்கும் பொருந்தும், அதற்காக அதை நாம் நிறுத்திவிடவில்லை.

பள்ளிக் கல்வித் துறையிடம் நாம் கேட்பது பெரிய தொகை அன்று. அடுத்த ஆங்கிலப் பயிற்சிக்கான சுற்றறிக்கை தயாராகும்போது, ‘பயிற்சி நடைபெறும் இடம்’ என்ற வரியில் கூட்ட மண்டபத்தின் பெயரை அடித்துவிட்டு ஒரு பள்ளியின் பெயரையும் ஒரு வகுப்பையும் எழுதுங்கள்.