வீட்டுச் சங்கமும் வாயில்லா ஜீவனும்

தருவைகுளத்துக் கடற்கரையில், கரையேற்றி வைத்த வள்ளத்தின் நிழலில் ஒரு நாய் படுத்திருந்தால் அதைக் குறித்து எவரும் தீர்மானம் நிறைவேற்றுவதில்லை. அங்கே மணலும் பொது, நிழலும் பொது. தெற்கே தூத்துக்குடி நகரத்துக்குள் வந்தால் நிலைமை வேறு. அடுக்குமாடிக் கட்டடத்தில் வீடு ஒருவருடையது. படிக்கட்டும் லிப்டும் முற்றமும் எல்லோருடையவை. வீட்டில் வளரும் நாயோ தன் எஜமானனுடன் தினந்தோறும் அந்தப் பொது இடத்தைக் கடந்தே வெளியே போய்வர வேண்டும். வீட்டு உரிமையாளருக்கும் அவரது சங்கத்துக்கும் நகரங்கள்தோறும் மூளுகின்ற சச்சரவு இந்தச் சிறிய தூரத்திலேயே பிறக்கிறது.

அது வளரும் விதமும் எங்கும் ஏறக்குறைய ஒன்றே. இரவில் நாய் குரைத்ததென்று ஒருவர் முறையிடுகிறார். லிப்டில் குழந்தை பயந்தழுததென்று மற்றொருவர் சொல்லுகிறார். நிர்வாகக் கமிட்டி அவசரமாகக் கூடி, ‘இனி இக்கட்டடத்தில் நாய் வளர்க்கலாகாது’ என்று தீர்மானித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுகிறது. நாய்க்குரியவரோ, ‘என் பணம், என் வீடு, கேட்பதற்கு நீங்கள் யார்?’ என்று கதவைச் சாத்துகிறார். பிறகு போலீஸ் புகார், வக்கீல் நோட்டீஸ், வருஷக்கணக்கான பகை. இரு தரப்பாரும் ஒரு முறையேனும் எதிரெதிரே உட்கார்ந்து பேசியிருப்பார்களா என்றால், அநேகமாக இல்லை.

இவ்விஷயத்தில் சட்டத்தின் போக்கு தெளிவானது. இந்தியப் பிராணிகள் நல வாரியம் 2015-ஆம் வருஷத்தில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பெரும்பான்மையோர் சம்மதித்தாலும் நாய் வளர்ப்பதை முற்றிலும் தடுக்கச் சங்கத்துக்கு அதிகாரமில்லை என்றும், லிப்டுக்குத் தடையோ தனிக் கட்டணமோ விதிக்கலாகாது என்றும் கூறுகின்றன. 2021-இல் கேரள ஹைக்கோர்ட்டு, இத்தகைய தடை விதிகள் செல்லா என்றும், பிராணிகள் நுழையக்கூடாதென்று பலகை வைப்பதையும் சங்கங்கள் நிறுத்த வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு தமிழ்நாட்டுக் கோர்ட்டுகளைக் கட்டுப்படுத்தாதெனினும், அதன் நியாயத்தைப் புறக்கணிப்பது எளிதன்று. ஜீவராசிகளிடம் கருணை காட்டுவது ஒவ்வொரு பிரஜையின் கடமையென்று 1976-ஆம் வருஷத்துத் திருத்தத்தின் வழியே நமது அரசியல் சாசனமே சொல்லுகிறது. ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிப் பசியாலும் தாகத்தாலும் வருந்தும்படி கைவிடுவது 1960-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். நாயைத் துரத்தும்படி உரிமையாளரை நெருக்கும் கமிட்டி, அவரை அக்குற்றத்தின் வாசலுக்கே தள்ளுகிறது.

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுவதுதானே ஜனநாயகம் என்று சிலர் கேட்கலாம். பொது இடத்தை எவ்விதம் உபயோகிப்பது என்பதில் பெரும்பான்மையின் சொல் செல்லும். ஒருவனுடைய வீட்டுக்குள் எது வாழலாம் என்று கைதூக்கி முடிவு செய்யத் தொடங்கினால், இன்று நாய்க்கு நேர்ந்தது நாளை ஒருவனுடைய உணவுக்கும் வழிபாட்டுக்கும் நேராதென்பதற்கு யார் பிணை?

ஆயினும் நாய் வளர்ப்போருக்கும் நாம் சொல்ல வேண்டியதுண்டு. அயலாரின் பயம் நகைப்புக்குரியதன்று. வெறிநாய்க்கடி நோய் கண்டபின் பிழைப்பது அரிதென்பதை அறிந்த தாய் அஞ்சாமல் என் செய்வாள்? காலந்தவறாமல் தடுப்பூசி போடுவது, பொது இடத்தில் சங்கிலியைக் கையில் பிடித்திருப்பது, அசுத்தத்தைத் தாமே அகற்றுவது ஆகியவை உபகாரமல்ல, கடமை. அஜாக்கிரதையால் பிறருக்குத் தம் பிராணி ஆபத்து விளைக்கவிடுவோருக்கு, 2024 ஜூலை முதல் அமலிலிருக்கும் பாரதீய நியாய சம்ஹிதையின் 291-வது பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடந்தருகிறது.

அப்படியாயின் தீர்ப்பது எங்ஙனம்? நமது கடற்கரையே ஒரு பாடம் சொல்லுகிறது. தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அக்குளிப்புக் காலங்களில் இடமும் நாளும் முன்னதாகவே விளம்பரம் செய்யப்பட்டன. குளிப்பவனுக்குரிய பங்கு அவன் நீரில் இறங்குமுன்பே தெரிந்திருந்தது. பொதுச் சொத்தில் விதி முந்த வேண்டும், வினை பிந்த வேண்டும். ஒரு குறிப்பிட்ட நாயின் மேல் கோபம் வந்தபின் இயற்றும் உபவிதி, விதியாகாது, பழிவாங்கலாகும்.

தெரு நாய்களுக்கு உணவிடுவது பற்றிய தகராறுகளுக்கு 2023-ஆம் வருஷத்துப் பிராணி இனக்கட்டுப்பாட்டு விதிகள் ஒரு குழுவை வகுத்துள்ளன. அதில் கால்நடை வைத்தியர், போலீஸ் பிரதிநிதி ஆகியோரோடு முறையிட்டவரும் சங்கத்தின் பிரதிநிதியும் ஒன்றாக அமர்கிறார்கள். அதே வருஷத்தில் பார்லிமெண்டு நிறைவேற்றிய மத்தியஸ்தச் சட்டத்தின் 43-வது பிரிவு, ஓரிடத்தில் குடியிருப்போரின் அமைதியைக் குலைக்கும் தகராறுகளை இரு தரப்பாரின் சம்மதத்தோடு தீர்க்கும் சமூக மத்தியஸ்தத்தைக் கூறுகிறது. வீட்டு நாயைப் பற்றிய வழக்குக்கும் இம்மாதிரியைச் சங்கங்கள் தாமாகவே கைக்கொள்ளலாம்.

முறையீடு எழுத்தில் வரட்டும். ஏழு நாளுக்குள் இரு தரப்பாரையும் ஒரே அறையில் அமர்த்திக் கேட்கட்டும். உரிமையாளர் பெயர் சொல்லும் ஒருவர், முறையிட்டவர் பெயர் சொல்லும் ஒருவர், வெளியாரான கால்நடை வைத்தியர் ஒருவர் ஆகிய மூவர் முடிவு கூறட்டும். லிப்டில் போகும் நேரம், குரைப்பை அடக்கும் பயிற்சி, ஊசிச் சீட்டின் நகல் என்று நிபந்தனைகள் திட்டமாக இருக்கட்டும். மூன்று மாதம் கழித்து மறுபடியும் கூடிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் தீராததே கோர்ட்டுக்குப் போகத்தக்கது.

1908-இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் குறையைக் காதில் வாங்க மறுத்த அந்நிய நிர்வாகத்தை, ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை முதலியோர் துணை நிற்க, கேட்கும்படி செய்த ஊர் தூத்துக்குடி. அந்நியனைக் கேட்கச் செய்த ஊரில், நாமே தேர்ந்தெடுத்த கமிட்டி நம் அயலானைக் கேட்க மறுக்கலாமா? சுயராஜ்யம் டில்லியில் மட்டும் நடப்பதன்று. இருபது வீடுகள் சேர்ந்த ஒரு கட்டடத்திலும் அது நடக்க வேண்டும். நமது தேச ஊழியர்கள் தாம் குடியிருக்கும் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கே இந்த யோசனையைக் கொண்டு செல்வார்களாக.