பாட்டு டீச்சர் தேவை!

வேற்றுக்கிரகத்துக்காரன் பூமிக்கு எதற்கு வருவான்?

ஹாலிவுட்டைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான். உதைக்க! 1953-ல் வந்த 'வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்' படத்தில் செவ்வாய்க்காரர்கள் வந்து இறங்கியதும் ஊரைக் கொளுத்த ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரு வணக்கம் கிடையாது, ஒரு வாய் காபி கிடையாது.

நம்ம தமிழ்ப் படத்தில் அவர்கள் எதற்கு வந்தார்கள் தெரியுமோ? பாட்டு டீச்சர் தேடி!

நிஜம்தான் சார். படம் 'கலை அரசி'. 1963 ஏப்ரல் 19-ல் ரிலீஸ். எம்.ஜி.ஆரும் பானுமதியும் ஜோடி. டைரக்டர் ஏ.காசிலிங்கம், 1950-ல் 'மருதநாட்டு இளவரசி'யை எடுத்தவர். இசை கே.வி.மகாதேவன்.

கதை இதுதான். எங்கேயோ ஒரு கிரகம். விஞ்ஞானத்தில் அவர்களை அடிச்சுக்க ஆள் இல்லை. பறக்கும் தட்டெல்லாம் சர்வசாதாரணம். ஆனால் ஆடல் பாடல் மட்டும் ஒருத்தருக்கும் வராது. அதனால், பூமியில் பிரமாதமாகப் பாடும் வாணியை, அதாவது பானுமதியை, அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். காதலன் மோகன் ஒரு விவசாயி. எம்.ஜி.ஆர். ஆச்சே, விடுவாரா? அங்கேயே போய், அந்த ஊர்க் கோமாளி போல வேஷம் கட்டிக்கொண்டு களத்தில் இறங்குகிறார். கோமாளியும் எம்.ஜி.ஆர்.தான். பூமியில் வாணியின் ஜாடையில் வள்ளி என்று ஒரு பெண். அதுவும் பானுமதிதான். பி.காம். படித்தவன் கணக்கில், ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு ஹீரோ, இரண்டு ஹீரோயின். நல்ல லாபம்.

வருஷத்தைக் கவனியுங்கள். யூரி ககாரின் விண்வெளிக்குப் போய் இரண்டே வருஷம்தான் ஆகியிருந்தது. தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ராக்கெட் கிளம்பியது 1963 நவம்பர் 21-ல். அதுவும் அமெரிக்காக்காரன் கொடுத்த ராக்கெட். அதற்கு ஏழு மாதம் முன்னாலேயே நம்ம விவசாயி வேற்றுக்கிரகம் போய் வந்தாச்சு! ஸ்டான்லி குப்ரிக்கின் '2001' வந்தது 1968-ல்தான். சென்னைக்கு டி.வி. வந்ததே 1975-ல்.

கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இல்லாத காலம். செட்டையும் காமிரா தந்திரத்தையும் நம்பிப் பிழைக்க வேண்டும். 2024-ல் 'அயலான்' பார்த்த கண்ணோடு பார்த்தால் சிரிப்பு வரும். தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் கதையைக் கொஞ்சம் யோசியுங்கள்.

"போய்யா, படத்தில் பாட்டு வைக்க ஒரு சாக்கு" என்பீர்கள். இருக்கட்டுமே. ஆனால் சாக்குக்குள் என்ன இருக்கிறது பாருங்கள். எல்லாம் இருக்கிற ஒரு கிரகம், தன்னிடம் ஒன்று இல்லை என்று ஒப்புக்கொள்கிறது. தங்கம், தண்ணீர், நிலம் எதையும் அது கேட்கவில்லை. எங்கள் திருவண்ணாமலையில் இதை நேரிலேயே பார்க்கலாம். டிசம்பர், ஜனவரியில் செங்கம் ரோடு பக்கம் வாருங்கள். காரும் பங்களாவும் உள்ள தேசங்களிலிருந்து கிளம்பி வந்தவர்கள், ரமணாசிரமத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். தட்டுக்குப் பதில் ஏரோப்ளேன், அவ்வளவுதான் வித்தியாசம். நல்லவேளை, இவர்கள் யாரையும் தூக்கிக்கொண்டு போவதில்லை!

அந்தக் கிரகத்துக்காரர்களுக்கு ஆள் பார்க்கவும் தெரிந்திருக்கிறது. பானுமதி தன் பாட்டைத் தானே பாடி நடித்தவர். 1953-லேயே 'சண்டிராணி'யை டைரக்ட் செய்தவர். 1980-களில் சென்னை அரசு இசைக் கல்லூரிக்கு முதல்வராகவே வந்தார். நம்ம அரசாங்கத்துக்கு இருபது வருஷம் முன்னாலேயே வேற்றுக்கிரகத்தில் ஆர்டர் போட்டுவிட்டார்கள்!

இன்னொரு விஷயம்தான் என்னை இன்னமும் குடைகிறது. அவ்வளவு பெரிய விஞ்ஞானிகள், ஒரு பாட்டுப் பெட்டியைத் திருடிக்கொண்டு போயிருக்கலாம். இல்லை, பாடுகிற மெஷினையே செய்திருக்கலாம். செய்யவில்லை. டீச்சரைத் தேடினார்கள். ஏன்? பாட்டுக் கேட்டால் அவர்களுக்குப் போதவில்லை. தாங்களே பாட வேண்டும்.

இன்றைக்கு அந்த மெஷின் நம் செல்போனிலேயே வந்துவிட்டது. இரண்டு வரி தட்டினால் மெட்டு, வரிகள், குரல் எல்லாம் ரெடி. லெட்ஜரை அது பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் காலேஜில் பெஞ்சைத் தட்டித் தாளம் போட்டீர்களே, ஹாஸ்டல் மொட்டை மாடியில் பாடினீர்களே, அதையும் அதனிடமே கொடுத்துவிட்டால் மிச்சம் என்ன? பறக்கும் தட்டு மட்டும்தான்.

நாளைக்கே அந்தக் கிரகத்துக்காரன் மறுபடி வந்து உங்கள் ஆபீஸ் வாசலில் இறங்கினால், உங்களை எதற்கு ஸார் தூக்குவான்?

ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடவா?