தடங்கல் எங்கே?

நேரடி ஒளிபரப்பு என்பது ஒரு காலத்தில் தூர்தர்ஷன் மட்டுமே செய்யக்கூடிய காரியம். வேன் வரும், ஆட்கள் வருவார்கள், மைதானம் முழுக்கக் கேபிள் ஓடும். நடுவில் படம் நின்றால் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று ஓர் அட்டையைக் காட்டுவார்கள். தடங்கல் காமிராவிலா, வேனிலா, கோபுரத்திலா என்று அந்த அட்டை ஒருநாளும் சொன்னதில்லை.

இன்று அந்த வேன் மேஜை மேல் ஏறிவிட்டது. ஒரு லேப்டாப், ஒரு வெப்கேம், ஒரு பிராட்பேண்ட் இணைப்பு, 2012இல் முதன்முதலில் வெளியாகி இன்றும் காசில்லாமல் கிடைக்கும் ஓபிஎஸ் என்கிற மென்பொருள். இவ்வளவு போதும். மாட்டுங்காவிலிருந்து பாட்டு வகுப்பு, தில்லியிலிருந்து பத்தாம் வகுப்புக் கணக்கு, பெங்களூர் கல்யாண மண்டபத்திலிருந்து நியூ ஜெர்ஸி மாமாவுக்கு முகூர்த்தம் என்று எதை வேண்டுமானாலும் அனுப்பலாம். கூடவே தடங்கலும் வந்து சேர்ந்தது. படம் தத்தித் தத்தி நகர்கிறது. ஸ்வரம் காதில் விழுகிறது, தாளம் போடும் கை அந்தரத்தில் நிற்கிறது. நாலு நாள் பொறுத்துப் பார்க்கும் மாணவி ஐந்தாம் நாள் வேறு டீச்சரைத் தேடிப் போய்விடுகிறாள்.

இந்த நிலையில் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. கம்ப்யூட்டர் கடைக்காரர் புது கம்ப்யூட்டர் வாங்கச் சொல்வார். இணைப்பு கொடுத்தவர் பெரிய பிளானுக்கு மாறச் சொல்வார். இரண்டுமே தேவைப்படாமல் போகலாம். ஏனென்றால், பார்ப்பவருக்கு ஒரே மாதிரி தெரியும் இந்தத் தடங்கல் மூன்று வெவ்வேறு இடங்களில் பிறக்கிறது. எந்த இடம் என்பதை அந்த மென்பொருளே எண்ணிச் சொல்கிறது. பலரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

வினாடிக்கு 30 படங்கள் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் வினாடியின் முப்பதில் ஒரு பங்கு, அதாவது 33 மில்லி வினாடி. அதற்குள் மூன்று வேலைகள் முடிய வேண்டும். காமிராப் படம், திரையில் உள்ள பாடம், ஓரத்தில் உள்ள பெயர்ப்பலகை எல்லாவற்றையும் ஒன்றாகக் கோக்க வேண்டும். இது கிராபிக்ஸ் சில்லின் வேலை. கோத்த படத்தை நூறில் ஒரு பங்குக்கும் கீழே சுருக்க வேண்டும். இதை பிராஸசரோ தனியாக உள்ள ஒரு சுற்றோ செய்யும். சுருக்கியதை வெளியே அனுப்ப வேண்டும். இது இணைப்பின் பொறுப்பு. ஓபிஎஸ் மெனுவில் ‘ஸ்டேட்ஸ்’ என்று ஒரு சிறு பலகை இருக்கிறது. அதைத் திறந்தால் ரெண்டரிங் லேக், என்கோடிங் லேக், டிராப்டு ஃபிரேம்ஸ் என்று மூன்று எண்ணிக்கைகள் தெரியும். கோப்பதில் தவறியவை, சுருக்குவதில் விட்டுப்போனவை, அனுப்புவதில் உதிர்ந்தவை. எந்த எண் ஏறுகிறதோ அங்கேதான் நோய்.

உதிர்ந்த எண்ணிக்கை ஏறினால் கம்ப்யூட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. விளம்பரத்தில் வரும் 100 மெகாபிட் பெரும்பாலும் உள்ளே வரும் வேகம். ஒளிபரப்புக்கு வேண்டியது வெளியே போகும் வேகம், அதாவது அப்லோட். சில இணைப்புகளில் இது மிகக் குறைவு. வேகச் சோதனை காட்டுவது அரை நிமிடக் கதை. ஒளிபரப்பு ஒரு மணி நேரம் சீராக ஓட வேண்டும். பாதை அடைபட்டால் படங்கள் வரிசையில் தேங்கும். தேக்கம் எல்லை மீறினால் மென்பொருளே சிலவற்றைத் தூக்கிப் போட்டுவிடும். அளந்த அப்லோட் வேகத்தில் முக்கால் பங்குக்கு மேல் பிட்ரேட் வைக்காதீர்கள். 720 வரிப் படத்துக்குச் சுமார் 4 மெகாபிட் போதும். கரும்பலகைப் பாடத்துக்கு இந்த அளவு தாராளம். வைஃபையை விட்டு ரவுட்டரிலிருந்து நேரே ஒரு கேபிள் இழுங்கள். அந்தச் சமயத்தில் வீட்டில் உள்ளவர்களின் செல்போன்கள் போட்டோக்களை இணையத்துக்கு ஏற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெரிசலுக்குத் தக்கபடி பிட்ரேட்டைத் தானே குறைத்துக்கொள்ளும் வசதியும் ஓபிஎஸ்ஸில் உண்டு. அதைப் போட்டுவிட்டால் படம் சற்று மங்கும், ஆனால் நிற்காது.

சுருக்குவதில் விட்டுப்போகிறது என்றால் பிராஸசர் திணறுகிறது. புதிதாக எதையும் வாங்குமுன் செட்டிங்ஸில் என்கோடர் என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே ‘எக்ஸ் 264’ என்று இருந்தால் முழுச் சுமையும் பிராஸசரின் தலையில். 2011 முதல் வந்த இன்டெல் சில்லுகள் பலவற்றில் இந்த வேலைக்கென்றே குவிக் சிங்க் என்ற தனிச் சுற்று உண்டு. 2012 முதல் வந்த என்விடியா கார்டுகள் பலவற்றிலும் இப்படி ஒன்று இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருள். வேலை வாங்காமல் தூங்குகிறது. என்கோடரை அதற்கு மாற்றினாலே பல வீடுகளில் பிரச்னை தீர்ந்துவிடும். அந்தச் சுற்று இல்லாத பழைய கம்ப்யூட்டர் என்றால், எக்ஸ் 264இன் பிரிசெட்டை இன்னும் வேகமானதாக மாற்றுங்கள், அல்லது 1080 வரியிலிருந்து 720க்கு இறங்குங்கள். சுமை பாதிக்கும் கீழே போய்விடும்.

கோப்பதில் தவறினால் கிராபிக்ஸ் சில்லுக்கு மூச்சு முட்டுகிறது. இது வீடியோ கேம் ஆடிக்கொண்டே ஒளிபரப்பும் பிள்ளைகள் வீட்டில் அதிகம். கேம் தன் இஷ்டத்துக்கு வினாடிக்கு 200 படம் வரைந்துகொண்டிருந்தால் ஓபிஎஸ்ஸுக்கு மிச்சம் ஏது? கேமுக்கு 60 என்று எல்லை கட்டுங்கள். விண்டோஸில் ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் அதற்கு முன்னுரிமை கிடைக்கும். கேம் ஆடாதவர்கள் ஆடும் பூ, ஓடும் எழுத்து போன்ற அலங்காரங்களைக் குறைத்தாலே போதும்.

மூன்று எண்களும் பூஜ்யம், படம் மட்டும் இழுக்கிறது என்றால்? பழி பெரும்பாலும் காமிரா மேல்தான். வெளிச்சம் போதாத அறையில் வெப்கேம் ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் கண்ணைத் திறந்து வைக்கிறது. அதனால் 30 படம் எடுக்க வேண்டியது 15 எடுக்கும். ஓபிஎஸ் அந்தப் பதினைந்தையே இரட்டித்து, எல்லாம் சரி என்று கணக்குக் காட்டும். இதற்கு மருந்து முகத்துக்கு நேரே ஒரு எல்ஈடி விளக்கு. இன்னொன்று காமிராவின் வடிவத் தேர்வு. யுஎஸ்பி 2 கம்பியின் கொள்ளளவு வினாடிக்கு 480 மெகாபிட். 1080 வரிப் படத்தைச் சுருக்காமல் ‘ஒய்யுஒய் 2’ வடிவத்தில் 30 என்ற வேகத்தில் அனுப்ப ஏறக்குறைய 1,000 மெகாபிட் வேண்டும். கம்பி தாங்காது. ‘எம்ஜேபெக்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் இருபது நிமிடம் ஒழுங்காக ஓடிப் பிறகு தடுமாறினால் சூட்டைச் சந்தேகியுங்கள். பிராஸசர் அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாதத்து நாக்பூரில், மெத்தை மேல் காற்றோட்டமில்லாமல் வைத்த லேப்டாப்புக்கு இது நிச்சயம் நேரும். மேஜை மேல் வைத்து, பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி, சார்ஜரைச் செருகிவிட்டு ஆரம்பியுங்கள். பாட்டரியில் ஓடும்போதும் வேகம் குறைவதுண்டு.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்தையும் ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். முதல் நாளே, அதே அறையில், அதே நேரத்தில், அரை மணி ஒத்திகை பாருங்கள். யூடியூபில் யாருக்கும் தெரியாமல் ‘பிரைவேட்’ ஒளிபரப்பு செய்ய வழி உண்டு.

ஒளிபரப்பும்போதே டிஸ்க்கிலும் பதிவு செய்துகொள்வது இதில் முக்கியம். இணைப்பில் உதிரும் படங்கள் பதிவில் உதிர்வதில்லை. ஒளிபரப்பு இழுத்து, பதிவு சுத்தமாக இருந்தால் குற்றம் கம்ப்யூட்டருக்கு வெளியே என்று உறுதியாகிவிடும். பார்ப்பவர்களில் ஒருவர் மட்டும் குறை சொன்னால் கோளாறு அவர் வீட்டில். எல்லோரும் சொன்னால் உங்கள் வீட்டில்.

கணக்குப் பாடத்தை மறுநாள் திரும்ப நடத்தலாம். மாங்கல்யதாரணத்தை இன்னொரு தடவை செய்யச் சொல்ல முடியாது. நியூ ஜெர்ஸி மாமா அந்த நிமிடத்தைத் தவறவிட்டாலும், பதிவு இருந்தால் மறுநாளாவது பார்ப்பார். வெறும் வருத்தம் தெரிவிப்பதைவிட அது மேல்.