எஞ்சினுக்குள் ஒளிந்திருந்த பொய்

2025 ஆம் ஆண்டு ஜூன் 12 ஆம் திகதி, காங்கிரஸ் நிறைவேற்றிய மூன்று தீர்மானங்களில் ஜனாதிபதி ட்ரம்ப் ஒப்பமிட்டார். வாகனப் புகை தொடர்பாகக் கலிபோர்னியா தனக்கென வகுத்திருந்த புதிய விதிகளுக்கான அனுமதி அதனால் நீக்கப்பட்டது. அன்றைய தினமே அம்மாநிலம் நீதிமன்றத்தை நாடியது. இதனை வெறும் அதிகாரப் போட்டியெனக் கருதுதல் தவறாகும். பழைய கார் ஒன்றை வாங்கி விரிகுடாப் பகுதியில் வாழ்வைத் தொடங்கும் நம்மவர்க்கும் இதில் பங்குண்டு.

பிரச்சினையின் வேர் எஞ்சினின் இயல்பிலேயே உள்ளது. உயர் அமுக்கமும் மிகையான காற்றும் டீசலைச் சிக்கனமாக எரிக்க உதவுகின்றன. ஆனால் அவ்வெப்பத்தில் காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நைதரசன் ஒட்சைட்டுகள் உருவாகின்றன. நகரங்களை மூடும் நச்சுப் புகாருக்கு இவையும் மூலம். கழிவு வாயுவின் ஒரு பகுதியை மீளச் செலுத்தி வெப்பத்தைத் தணிக்கலாம்; ஆனால் கரித்துகள் பெருகும். அதற்கு ஒரு வடிகட்டி. அவ்வடிகட்டியைத் துப்புரவாக்க மேலதிக எரிபொருள். யூரியாக் கரைசலால் நச்சை நீக்கலாம். அதற்குத் தனித் தாங்கியும் பம்பியும் உணர்கருவிகளும் வேண்டும். எதையும் இழக்க விரும்பாதவர் பணத்தைக் கொடுத்துச் சிக்கலை வாங்க வேண்டியுள்ளது.

வோல்க்ஸ்வாகன் நிறுவனமோ வேறு வழியை நாடியது. மேற்கு வேர்ஜினியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவிகளைக் கார்களிலேயே ஏற்றி, மேற்குக் கரை வீதிகளில் ஓட்டிப் பெற்ற முடிவுகளை 2014 இல் வெளியிட்டனர். ஜெற்றா கார் அனுமதிக்கப்பட்ட அளவின் 15 முதல் 35 மடங்கு வரையும், பசாற் 5 முதல் 20 மடங்கு வரையும் நைதரசன் ஒட்சைட்டுகளைக் கக்கின. மூன்றாவதான பி.எம்.டபிள்யூ பெரும்பாலும் வரம்புக்குள் நின்றது. ஆகவே விதி நிறைவேற்ற இயலாததன்று. கலிபோர்னிய வளிவளச் சபை துருவியதன் பின், 2015 செப்டெம்பரில் உண்மை வெளியாயிற்று. தான் பரிசோதிக்கப்படுவதைக் காரின் கணனியே உணர்ந்து, அவ்வேளையில் மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் கார்களில் அம்மென்பொருள் இருந்தது. 2016 ஒக்டோபரில் சான்பிரான்சிஸ்கோ சமஷ்டி நீதிமன்றம் 1,470 கோடி டொலர் வரையிலான இணக்கப்பாட்டை அங்கீகரித்தது.

இவ்வழக்கு உணர்த்துவது யாது? இயந்திரம் சிக்கலாகும்தோறும் அதனுள் பொய்யை மறைப்பது எளிதாகிறது. ஆய்வுகூடச் சான்றிதழ் மட்டும் போதாது. வீதியில் அளந்து பார்க்கும் சுதந்திரமான கண் வேண்டும். கலிபோர்னியாவின் அதிகாரம் குறையுமாயின், அத்தகைய கண்களுள் ஒன்று மங்கும்.

மங்கினால் இழப்பு யாருக்கு? ஓக்லந்தின் 580 ஆம் நெடுஞ்சாலையில் பாரவண்டிகளுக்குத் தடை. ஆதலால் அவை 880 ஆம் நெடுஞ்சாலை வழியே, எளியோர் குடியிருப்புகளை ஒட்டிச் செல்கின்றன. புகை அங்கேதான் இறங்குகிறது.

சிக்கலின் செலவும் இறுதியில் இரண்டாங்கை உரிமையாளரின் தலையிலேயே விழுகிறது. எச்சரிக்கை விளக்கு எரியும் கார் கலிபோர்னியப் புகைப் பரிசோதனையில் தேறாது. பழைய காரைத் தனியாரிடம் வாங்கும்போது, செல்லுபடியாகும் புகைச் சான்றிதழைத் தருவது விற்பவரின் சட்டக் கடமை என்பதை நம்மவர் அறிந்திருத்தல் அவசியம். வருமானம் குறைந்தோர்க்குத் திருத்தச் செலவில் மாநில உதவியும் உண்டு. சட்டம் தந்த இக்காப்பைக் கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டியதில்லை.