சொல் தெளிந்தால் வடிவம் தெளியும்

படத்தை வரைந்து, பின்னர் அதனைச் சொல்லால் விளக்குவது பழைய முறை. சொல்லை எழுதினால் கணிப்பொறியே படத்தை வரைந்து தருவது புதிய முறை. வடிவியல் கற்பிப்போரும் கற்போரும் இம் மாற்றத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஏனெனில், இங்கு வேண்டப்படுவது கைத்திறன் அன்று, சொற்றிறனே ஆகும்.

அமெரிக்க நாட்டுக் கார்னகி மெல்லன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ஆம் ஆண்டில் வெளிப்படுத்திய ‘பென்ரோசு’ என்னும் நிரல் இதற்குத் தக்க சான்று. அதற்கு மூன்று எழுத்துரைகள் வேண்டும். புள்ளி, கோடு, முக்கோணம் முதலிய பொருள்களையும், செங்குத்து, இணை முதலிய உறவுகளையும் பெயரிட்டு வகுப்பது முதலாவது. எடுத்துக்கொண்ட கணக்கில் அவற்றுள் எவையெவை உள என்று கூறுவது இரண்டாவது. அவற்றை எவ்வாறு வரைதல் வேண்டும் என்று விதிப்பது மூன்றாவது. நிரல், பொருள்களை முதலில் எங்கெங்கோ வைத்து, விதிகள் நிறைவுறும் வரை சிறிது சிறிதாக நகர்த்துகின்றது. மூன்றாம் உரையை மட்டும் மாற்றி, ஒரே கூற்றைத் தட்டைத் தளத்திலும் உருண்டையின் மேலும் வரைந்து காட்டியுள்ளனர்.

இதனால் விளையும் நன்மை யாது? கைவரை படம் பொய் சொல்லும். ஒரு முக்கோணத்தின் உச்சிக்கோண இருசமவெட்டியும், எதிர்ப்பக்கத்தின் மையக்குத்துக்கோடும் முக்கோணத்தின் உள்ளே கூடுவதாக வரைந்துவிட்டால், எல்லா முக்கோணங்களும் இருசமபக்க முக்கோணங்களே என்று ‘மெய்ப்பித்து’ விடலாம்! ஆங்கிலேயக் கணக்கறிஞர் இரவுசு பால் 1892-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இப் பொய்ம்மெய்ப்பை எடுத்துக் காட்டினார். வழு படத்தில் உள்ளது. அவ்வுச்சியிற் கூடும் பக்கங்கள் இரண்டும் ஒவ்வாதவாயின், அக்கோடுகள் சுற்றுவட்டத்தின் மேல், முக்கோணத்திற்குப் புறத்தேதான் கூடும். சொற்படி வரையும் நிரல் அப் புள்ளியைப் புறத்தேயே வைக்கும்.

ஆனால் நிரலுக்கு உய்த்துணரும் ஆற்றல் இல்லை. ‘நடுக்கோடு’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘குத்துக்கோடு’ என்று எழுதினால், வேறு படமே வரும். நடுக்கோடு, குத்துக்கோடு, மையக்குத்துக்கோடு, கோண இருசமவெட்டி என்னும் நான்கும் நான்கு பொருளைக் குறிப்பன. சமாந்தரக் கோட்டை இணைகோடு ஆக்கிய முன்னோர் உழைப்பால், இந் நற்றமிழ்ச் சொற்கள் இன்று பள்ளிநூல்களில் நிலைத்துள்ளன. குறை சொல்லில் இல்லை. அதனை வரையறையோடு ஆளாத நம்மிடத்தே உள்ளது. கரும்பலகைப் படத்தைப் பார்த்துப் படியெடுக்க மட்டுமே பழகிய மாணவன், அதனைப் பாராமல் சொல்லால் கூற இயலாது திகைப்பான்.

ஆசிரியர் செய்யத்தக்கது எளிது. ஒரு மாணவன் தமிழில் கூற, மற்றொருவன் அச் சொற்படியே வரையட்டும். இதற்குக் கணிப்பொறியும் வேண்டுவதில்லை. கணிப்பொறி வல்ல தமிழிளைஞர்க்கோ பெரும்பணி காத்திருக்கின்றது. பென்ரோசில் பொருட்பெயரையும் உறவுப்பெயரையும் வகுப்போர் அதனைக் கையாள்வோரே. அவ்வாறே தமிழ்க் கூற்றை ஏற்றுப் படம் வரையும் நிரலை ஆக்க அவர்கள் முன்வருதல் வேண்டும். பிறர் ஆக்கித் தருவர் எனக் காத்திருப்போர்க்குப் பிறர் மொழியே கிட்டும்.

சொல்லைத் தெளிவுற ஆள்வோரே வடிவையும் ஆள்வர்!